நத்தை தின்ற பாத்தி

விடியற்காலையில் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தால், பீன்ஸ் பாத்தியில் ஏற்கெனவே ஓர் உருவம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது.

திருடன் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. எந்தத் திருடன் பூப்போட்ட லேடீஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வருவான்?

மாமாதான். அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். இருட்டில் கையில் அகப்பட்ட அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் குத்திக் குத்திக் குழி போட்டுக்கொண்டிருந்தார்.

என் கையில் துண்டு போட்டு மூடிய நாற்றுத் தட்டு. நானும் ஒன்றும் யோக்கியமாக வந்தவள் இல்லை.

அக்கா மாசமாக இருக்கிறாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை படுத்தே இருக்க வேண்டும், பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடமாட ஒத்தாசைக்கு நான் வந்து சேர்ந்தேன். சமையல், துணி, மருந்து எல்லாம் ஒரு மாதிரி சமாளித்துவிட்டேன். மாட்டிக்கொண்டது தோட்டத்தில்.

குளிர் விட்டதும் அக்காவுக்கு விதை போட்டாக வேண்டும். வருஷா வருஷம் அவளே போடுவாள். இந்த வருஷம் மாடி ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே அதிகாரம்.

"ஐயோ, அவ்வளவு ஆழம் வேணாண்டி! விதை போடச் சொன்னா கிணறா வெட்டுறே?"

ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றி அறியாதவள் நான். ஆனாலும் முளைத்தது. எனக்கே நம்ப முடியவில்லை. கூன் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மண்ணை முட்டி வெளியே வந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். இந்தச் செடி தங்கினால் வயிற்றில் இருக்கிறதும் தங்கும் என்று மனசில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அடுத்த மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி வரிசையைக் காணோம். மொட்டைக் காம்பு நிற்கிறது. பக்கத்தில் நத்தை ஊர்ந்த தடம் பளபளவென்று கிடக்கிறது. நர்சரி திறக்கும்போதே போய் நின்று நாற்று வாங்கி வந்தேன். மத்தியானம் அக்கா கண் அசந்த நேரத்தில் அவசர அவசரமாக நட்டேன்.

அன்றிலிருந்து இதே பிழைப்பு. நத்தை தின்னும், நான் நடுவேன். முட்டை ஓடு தூவினேன், சாம்பல் தூவினேன். அதுகள் சட்டையே பண்ணவில்லை. மாடிக்குப் போய், "சூப்பரா வளருதுக்கா" என்று கூசாமல் புளுகிவிட்டு வருவேன். பொய் சொன்ன வாய்க்கு ராத்திரி சோறு இறங்காது.

ஒன்று மட்டும் உதைத்தது. சில நாள் நத்தைத் தடம் இருக்கும், செடி குறைந்திருக்காது. சிலதில் இலை வேறு சொரசொரவென்று அகலமாக இருந்தது. உரம் பிடித்துவிட்டது என்று நானாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நேற்று ராத்திரி நல்ல மழை. மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாமல்தான் இன்றைக்கு இருட்டோடு இருட்டாக இறங்கி வந்தேன்.

மாமா பக்கத்திலும் ஒரு நாற்றுத் தட்டு இருந்தது. குனிந்து பார்த்தேன்.

"மாமா, இது வெள்ளரி."

"பச்சையா இருந்துச்சு, வாங்கிட்டேன்," என்றார்.

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே இந்த மனுஷன் மேல் பாவமாகவும் இருந்தது. வாயே திறக்காத ஆள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகியே பிய்த்துவிட்ட ஆள். பொண்டாட்டிக்காக எலக்ட்ரிக் ரிப்பேர் கணக்காகச் செடி நட வந்திருக்கிறார்.

"அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது மாமா," என்று கிசுகிசுத்தேன். "தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார்.

"அவதாம்மா என்னை அனுப்புறா. நத்தை தின்னது, நீ வாங்கிட்டு வந்து நடுறது, எல்லாம் மேல இருந்து தெரியுதே. 'தங்கச்சி இந்தச் செடியையும் என் வயித்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வெச்சிருக்கா. போச்சுன்னா தாங்க மாட்டா. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள காலி இடத்தை ரொப்பிட்டு வந்துடுங்க'ன்னு உசுரை வாங்குறா."

நாற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

மாசமாக இருக்கிறவள் வயிற்றில் கை வைக்காமல் வேறு எங்கே வைப்பாள்? கை வைத்தது அவள். முடிச்சுப் போட்டது நான். அவள் லேசாக இருமினால்கூட விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவளும் நான்தான். அவள் பாட்டுக்கு நன்றாகத் தூங்குகிறாள். சாப்பிடுகிறாள், வக்கணையாக என் சமையலில் குறை சொல்கிறாள். ஆடாமல் அசையாமல் படுத்துக்கிடந்து அவள் காப்பாற்ற வேண்டியது ஒரு உயிர். என்னையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், பைத்தியக்காரி.

ஈர மண் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்தது. மாமா கண்டுகொள்ளாமல் அடுத்த குழியைக் குத்தினார்.

மேலே ஜன்னலில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்தேன். முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள்.

நான் அழுததை அவள் பார்க்கவே இல்லையாம்.