சாமுவேல் அங்கிளின் மறதி

“பிரிஜிட், நாம என்ன வாங்க வந்தோம்?”

மஸ்ஜித் தானா ஊர் பசாரில், அத்தனை பேர் நடுவில், சாமுவேல் அங்கிள் இப்படித்தான் கேட்டார்.

“பாத்தியா ராகினி இந்த மனுஷனை? வீட்டுலேர்ந்து மூணு தடவ சொல்லிக் கூட்டியாந்தேன்.” பிரிஜிட் ஆண்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வல்லாரை, தேங்காய், கெம்போங் மீன். எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

“வல்லாரை, தேங்காய்... அப்புறம்?”

“மீன்லா.”

பக்கத்து வீட்டு ராகினியும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். பேரப்பிள்ளை பேரைக்கூடத் தினமும் ஆண்ட்டியிடம் கேட்கிற மனுஷன். அந்தம்மா எத்தனை நாளைக்குத்தான் மேய்க்கும்?

“ஞாபகத்துக்கு நல்லதுன்னு தினமும் வல்லாரை ஜூஸ் அடிச்சுக் குடுக்கிறேன். நீ பாதி குடிச்சாத்தான் நான் குடிப்பேன்னு அடம். அறுபத்தெட்டு வயசுல பாலர் பள்ளி” என்ற ஆண்ட்டி, கீரை விற்கிற மலாய்க்கார அம்மா மக்சிக்கிடம் ஒரு பெரிய கட்டு வல்லாரை வாங்கி, அங்கிள் கையிலிருந்த பையில் திணித்தார். “இங்கயே நில்லுங்க. மீன் வாங்கிட்டு வந்துடறேன். எங்கயாச்சும் போயித் தொலைஞ்சிடாதீங்க.”

ஆண்ட்டி நகர்ந்ததும் ராகினி பிடித்துக்கொண்டாள்.

“ஏன் அங்கிள், ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துட்டு வரக்கூடாதா? ஆண்ட்டி பாவம்லா.”

“எதுக்கு எழுதணும்?” அங்கிள் கண் மீன் கடைப் பக்கமே இருந்தது. “உன் கல்யாணத்துல உன் வீட்டுக்காரர் பரிமாறப் போயி மோதிரத்தைப் பாயசத்துல விட்டாரு. நாலாவது பந்தி. வாளிக்குள்ள கையை விட்டு எடுத்தது நான். போன செவ்வாக்கிழமை நீ காரைக் கிளினிக் பின்னால வச்சிட்டு, போஸ்ட் ஆபீஸ் முன்னால தேடுன. கார் நம்பர் சொல்லவா?”

ராகினி வாயைப் பிளந்தாள். “அப்புறம் ஏன் ஆண்ட்டிகிட்ட மட்டும்...”

அதற்குள் ஆண்ட்டி வந்துவிட்டார். மீன் வாங்கப் போனவர் கையில் இன்னொரு கட்டு வல்லாரை.

“நல்லவேளை, எனக்கு ஞாபகம் வந்துச்சு. இதை வாங்காமலே கிளம்பியிருப்போம்.”

அங்கிள் பைக்குள் கையை விட்டு, முதல் கட்டை அடியில் அமுக்கினார்.

“அட, சுத்தமா மறந்துட்டேன் பாரு. இன்னும் ஏதோ ஒண்ணு சொன்னியே... தண்ணியில நீந்துமே, அது என்ன?”

“மீனு!” ஆண்ட்டி சிரித்த சிரிப்பில் மக்சிக்கும் சேர்ந்து சிரித்தார். “இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது ராகினி?”

ராகினி பைக்குள் அமுங்கிக் கிடந்த முதல் கட்டை ஒருமுறை பார்த்தாள்.

“ஆமா ஆண்ட்டி, அங்கிளுக்கு மறதி முத்திப்போச்சு. விடாம ஜூஸ் அடிச்சுக் குடுங்க. பாதி நீங்க குடிச்சிட்டு.”