முழங்கைப் பட்டை

“கையை நீட்டுங்கம்மா” என்று கௌதம் சொல்வதற்குள் ஞானசுந்தரி இரண்டு முறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ தொழிற்சாலை. அதன் டிஸ்பென்சரிக்கு வாரம் ஒருமுறை வந்து போகும் பிசியோதெரபிஸ்ட் அவன். அவள் தையல் பிரிவில் பழைய ஆள், பெர்மனென்ட். வலது முழங்கையில் தாங்க முடியாத வலி என்று வந்திருந்தாள்.

நாற்காலியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஷினை மிதிப்பதுபோல் பாதம் ஆடிக்கொண்டே இருந்தது.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பை அழுத்தினான். அவள் முகம் சுளிக்கவே இல்லை. அவன் விரலை எடுத்த பிறகு, “ஆமா சார், அங்கதான்” என்றாள்.

விரல்களை மடக்கி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, தன் கையால் கீழே அழுத்தினான். இந்த வலி உள்ளவர்களுக்கு அப்போது உயிர் போகும். அவள் கை இரும்புக் கம்பி மாதிரி நின்றது.

வலியே இல்லை, லீவுக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தான். அவனுக்கு எரிச்சலாக வந்தது. ஆழம் பார்க்க லீவுப் பேச்சை அவனே எடுத்தான்.

“மூணு வாரம் மிஷின்ல உட்காராதீங்க. எழுதித் தரேன்.”

“ஐயோ, லீவெல்லாம் வேணாம் சார்! முழங்கைக்கு மாட்டற அந்தப் பட்டைய மட்டும் குடுங்க. எப்டி மாட்டறதுன்னு காட்டுங்க.”

முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே பட்டையைச் சுற்றி ஒட்டினான். அவள் பிய்த்தாள். தானே ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்தாள். மறுபடி பிய்த்தாள். முழுக்கைச் சட்டைக்குள் மறையுமா, தைக்கும்போது நழுவுமா, இதோடு கைக்குழந்தையைத் தூக்கலாமா என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

“இன்னும் இறுக்க முடியாதா சார்?”

பட்டை ஏற்கெனவே சதைக்குள் பதிந்து, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

கௌதம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அவங்க கை இதைவிட மெலிசா?”

ஞானசுந்தரியின் முகம் வெளுத்தது. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பக்கத்து மிஷின் நசீமுன்னிசா சார். கான்ட்ராக்ட் ஆளு, பச்சப் புள்ளக்காரி. கை வலின்னு இங்க வந்தா, பேரு நேரா ஆபீசுக்குப் போய்டும்.”

“இப்ப உங்க பேரு போகுமே. மிஷின்லருந்து எடுத்துடுவாங்களே?”

“என்னை பேக்கிங்ல போட்டா போடட்டும் சார். அவள நிறுத்துனா நிறுத்துனதுதான்.”

கௌதம் அவள் கையிலிருந்த பட்டையைக் கழற்றினான். பைக்குள் துழாவி, சின்ன அளவு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

“சாயந்திரம் பைபாஸ் ரோட்டு கிளினிக்ல இருப்பேன். அந்தக் கையை நான் பாக்கணும். பேரு கேக்க மாட்டேன்னு சொல்லுங்க.”