உறைந்த மருந்து

திருப்பதி ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் நர்ஸ் சபீனா மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். உள்ளே இருப்பது அசையவே இல்லை. "ஃப்ரீசர்ல வெச்சீங்களா?" ஏர்பேட்டிலிருந்து மனைவியை அழைத்து வந்திருக்கும் ஜெகநாதனுக்கு எரிச்சல் வருகிறது. "ஊர்ல கரண்ட் இல்ல சிஸ்டர். கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்கிரீம் கடையில ஐஸ் பை வாங்கி, இந்த தெர்மாகோல் பெட்டில அதோட வெச்சி எடுத்துக்கினு வந்தேன். ஜில்லுனு இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க." "ஜில்லுனுதான் சொன்னேன். உறைஞ்சத போட முடியாதுங்க." ஊசிக்காகக் குப்புறப் படுத்திருந்த கன்னிகா எழுந்து புடவையைச் சரிசெய்கிறாள். குடலில் கட்டி வந்ததிலிருந்து அவள் முகம் நேரங்காலமில்லாமல் சிவக்கும்; மாதாமாதம் போடும் இந்த ஊசிதான் அதை அடக்கும். இப்போது சிவப்பது நோயாலா, தன்னாலா என்று ஜெகநாதனுக்குத் தெரியவில்லை. அவன் அணைத்துப் பிடித்திருக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் கைவிட்டு, கன்னிகா ஐஸ் பையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொள்கிறாள்.