திங்கட்கிழமை ராகு காலம்

மகளுக்கு வலி கண்டுவிட்டதாக டொராண்டோவிலிருந்து தகவல் வந்தபோது மதுரையில் திங்கட்கிழமை மாலை. ராகு காலம் காலையிலேயே கழிந்துவிட்ட நிம்மதியில் அங்கயற்கண்ணி ஐந்து மணி ராக்கெட் விமானத்தில் ஏறினாள். நாற்பதே நிமிடத்தில் டொராண்டோவில் இறக்கிவிட்டார்கள். அங்கே அப்போதுதான் திங்கட்கிழமை காலை எட்டு பத்து. மதுரையில் கழித்துவிட்டு வந்த அதே ராகு காலம், ஒன்பது மணிவரை இங்கேயும் இருந்தது.

ஒன்பது அடிக்காமல் விமான நிலைய வாசலைத் தாண்டுவதில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் அழைத்தான்.

"அத்தை, பொண்ணு பிறந்திருக்கு. பிறக்குறவரைக்கும் அவ உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

"எத்தனை மணிக்கு மாப்பிள்ளை?"

"எட்டு நாப்பது."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "நம்ம ஊருக்குச் சாயங்காலம் ஆறு பத்து. நல்ல நேரந்தான். ஜாதகத்துல அதையே எழுதிக்கலாம்."



"அப்ப நீங்களும் நம்ம ஊர் நேரத்துக்கே வெளிய வந்திருக்கலாமே, அத்தை."