பதினொரு நிமிஷம்

“பதினொரு நிமிஷம் போர்டைப் பாக்காம எங்கடி பராக்குப் பாத்துட்டிருந்தே?”

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நீ என்னத்தைச் சொல்றது? உன் கழுத்து அட்டைதான் எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிடுச்சே!”

கண் போகும் இடத்தையெல்லாம் கழுத்து அட்டை கணக்கெடுத்ததில், பிளஸ் டூ படிக்கும் இதழினியின் கவன மதிப்பெண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. பள்ளி விதிப்படி இனி ஹால் டிக்கெட் கிடையாது. ‘என் மகள் இனி பலகையைத் தவிர வேறெங்கும் பார்க்கமாட்டாள்’ என்று அம்மா இன்றைக்குள் எழுதிக் கொடுத்தால் மட்டும் மன்னிப்பார்கள்.

“பக்கத்துல ஷிபானா அழுதுட்டிருந்தாம்மா. அவங்கம்மாவை ஐசியூவுல வச்சிருக்காங்களாம். கையைப் பிடிச்சுக்கிட்டேன், அவ்ளோதான்.”

“நீ பெரிய டாக்டரு! மத்த பிள்ளைங்க போர்டைத்தானே பாத்துச்சுங்க?”

“ஆமா. நாப்பது பேரும்.”

அம்மா வளர்மதி பேனாவைத் திறந்தாள். ‘என் மகள் இனி’ என்று எழுதியவளுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏண்டி, ஒரு பிள்ளை தேம்பித் தேம்பி அழுதிருக்கு. நாப்பது பேர்ல ஒருத்தர்கூடவா திரும்பிப் பாக்கலே?”

“அவங்க வீட்டுலயெல்லாம் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டாங்கம்மா.”