நிரஞ்சனாவின் தோள்கள்

மதிய மணி அடித்ததும் பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் சைக்கிள் ஷெட் நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுடைய பேச்சின் வேகத்துக்குப் பெனிட்டாவால் ஈடுகொடுக்க முடியாது. ஒரு வாக்கியம் அவளுக்குப் புரிவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். பரீட்சையில் அவளுக்குக் கூடுதல் நேரம் உண்டு, இங்கே கிடையாது. அதனால் வார்த்தைகளை விட்டுவிட்டு எதிரே இருக்கும் நிரஞ்சனாவின் தோள்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோள்கள் குலுங்கினால் யாரோ ஜோக் சொல்லியிருக்கிறார்கள். உடனே அவளும் சிரித்துவிடுவாள்.

எப்படியோ அது தெரிந்துபோனது. இப்போதெல்லாம் யாரும் எதுவும் சொல்லாமலே நிரஞ்சனா தோள்களைக் குலுக்குகிறாள். மற்றவர்கள் வாயை இறுக்கிக்கொள்கிறார்கள். பெனிட்டா மட்டும் தனியாகச் சிரிக்கிறாள். அதன் பிறகுதான் வட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது.

படிக்கட்டில் தனியாகச் சாப்பிடும் வாகிதா பள்ளிக்குப் புதிது. குழாயடியில் டப்பா கழுவும்போது கேட்டாள்.

"உன்ன வச்சு விளையாடுறாங்கடி. தெரியுதா உனக்கு?"

பெனிட்டாவுக்குப் பதில் வர நேரமானது. வாகிதா காத்திருந்தாள். அந்தப் பள்ளியில் அப்படிக் காத்திருந்தது அவள் ஒருத்திதான்.

"தெரியும். சிரிக்கலன்னா எங்க உக்காந்து சாப்பிடுறது? உன்ன மாதிரி படிக்கட்டுலயா?"

மறுநாள் வட்டம் கொஞ்சம் நகர்ந்து வாகிதாவுக்கும் இடம் விட்டது. எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. முதலில் குலுங்கியவை வாகிதாவின் தோள்கள்.

பெனிட்டா வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.