எவாரிஸ்தோ விட்டுப்போன வேலை

அறையில் இருந்தவர்கள்: டீச்சர் நெலிதா, ஊர்க் கமிட்டித் தலைவர் தோன் அனஸ்தாசியோ, பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கும் தோன்யா எர்மெலிந்தா, நான்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால் மேசைக்கடியில் நுழையவில்லை.

மத்தியான ரேடியோவில் சொன்னதைக் கேட்டு வந்திருந்தேன். ‘போசோ பிளாங்கோ பள்ளிக்கூடத்துக்கு, காலமான எவாரிஸ்தோவின் இடத்தில் ஓர் ஆள் தேவை. அறை, சாப்பாடு, மாதச் சம்பளம்.’ என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஒன்பது வருடம் போராக்ஸ் ஆலையில் ராத்திரி ஷிப்ட். ஆலை ஆளைக் குறைத்தபோது முதலில் போனது என் பெயர். படுத்திருந்த அறையும் ஆலையுடையது. உறைபனி தொடங்கிவிட்டது. என்னைக் கொண்டுவந்த லாரி உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பும். வேலை இல்லையென்றால் அதில் ஏற வேண்டும். ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாது.

சான்றிதழை மேசைமேல் வைத்தேன். ஏழு வகுப்பும் முடித்தவன் என்று நீல முத்திரையோடு சொன்னது. கீழே நகரத்தில் ஒருவனிடம் என் கம்பளிக் கோட்டைக் கொடுத்து வாங்கியது.

டீச்சர் அதைப் படித்துவிட்டு, தோன் அனஸ்தாசியோ பக்கம் தள்ளினார். அவர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“அடப்பாவமே, இவரும் படிச்சவரா” என்றாள் எர்மெலிந்தா, காசநோயைப் பற்றிப் பேசுகிற குரலில்.

விறகு பிளப்பேன், பம்பு ரிப்பேர் பார்ப்பேன், சுண்ணாம்பு அடிப்பேன் என்றேன்.

“எவாரிஸ்தோ அதெல்லாம் செய்யலையே” என்றார் தலைவர்.

“பின்ன என்ன செஞ்சாரு?”

“உட்கார்ந்திருந்தாரு.”

“பதினோரு வருஷம்” என்றாள் எர்மெலிந்தா. “சாகறதுக்கு முந்தின நாள்கூட லீவு போடல, மனுஷன்.”

காவல் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி எனக்குக் கண் சொக்காது என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

தலைவர் எழுந்து கை நீட்டினார். “மன்னிச்சுக்கோங்க தம்பி. நல்ல ஆளாத்தான் தெரியறீங்க. ஆனா ஏழாவது ரொம்ப அதிகம்.”

என்னிடம் ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நீட்டிய கையைப் பிடிக்காமல் உண்மையைச் சொன்னேன். சான்றிதழ் பொய். இரண்டாவது வரைதான் போனேன். அப்புறம் அப்பா லாமா மேய்க்க அனுப்பிவிட்டார்.

வெளியே தள்ளுவார்கள் என்று எழுந்து நின்றேன்.

எர்மெலிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். தலைவர் மறுபடி உட்கார்ந்தார். டீச்சர் மட்டும் நம்பவில்லை.

“வேலை வேணும்னு சும்மா சொல்றீங்க. எல்லாரும் அப்படித்தான். இதை வாசிங்க.”

மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம். ஆலையில் ராத்திரி நேரம் போகாமல் சாக்கில் அச்சடித்தது, ரொட்டி சுற்றிவந்த பேப்பர் என்று எழுத்திருந்த எல்லாவற்றையும் வாசித்தவன் நான். தடங்கலில்லாமல் வாசித்தேன். வாசிக்க வாசிக்க மூன்று முகமும் வாடியது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக வாசித்தேன். எர்மெலிந்தா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அவசரப்படாதீங்க தம்பி” என்றார் தலைவர் மெதுவாக. “அடுத்த வரியில கஷ்டமான வார்த்தை ஒண்ணு வரும். நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். மலை, ஆடு, தண்ணீர். அவ்வளவுதான்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ‘தண்ணீ’ வரை சொல்லி நின்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

டீச்சர் ஒரு படிவத்தை எடுத்து என் பெயரைக் கேட்டார். ரெனான் சோசா என்றேன். கீழே ‘வகுப்பு’ என்ற இடத்தில் ‘3’ என்று எழுதினார்.

“பசங்க அஞ்சு பேருதான்” என்றார், தலை நிமிராமல். “படிக்கிற பெரியவங்களையும் சேர்த்து ஆறு பேர் இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. மூடினா இந்தப் பசங்க எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போய் விடுதியில கிடக்கணும். எவாரிஸ்தோதான் அந்த ஆறாவது ஆளு. ஊர்ல ஏழாவது முடிக்காத ஆளு வேற யாரும் இல்ல. எல்லாரையும் நான்தான் முடிக்க வெச்சேன். புத்தியில்லாம.”

“சம்பளம்?”

“வீட்டுக்கு வீடு போடுவோம்” என்றார் தலைவர். “கறி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் பணம். ஆனா வருஷா வருஷம் பரீட்சையில ஃபெயிலாகணும். கச்சிதமா. ஒரேயடியா முட்டை வாங்கினாலும் சந்தேகம் வரும்.”

எவாரிஸ்தோவுக்கு எந்த அளவு எழுதத் தெரியும் என்று கேட்டேன்.

“ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தது அவருதான்” என்றாள் எர்மெலிந்தா.

லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மூக்கு ஒழுகிய ஒரு சிறுமி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். எர்மெலிந்தா சமையலறைக்குப் போனாள்.

தலைவர் கிளம்பும்போது என்னிடம் குனிந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“நல்லாப் படிச்சிடாதீங்க, என்ன?”

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டீச்சர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.